ரத்தினம்மாள் தோளளவு

— அறுத்தது நான்தான் சார். அதுல ரெண்டு பேச்சு இல்ல. என் கடையில, என் ரம்பத்தால, பட்டப்பகல்ல அறுத்தேன். அந்தம்மாவ ஒண்ணும் கேக்காதீங்க.

— யார என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும், காசிம் பாய். இது சிதம்பரம் தாலுகா ஆபீஸ், உங்க கடலூர் கட இல்ல. தாசில்தார் நான் உக்காந்து விசாரிக்கறேன், நீங்க சாட்சி. மொதல்ல மனுவப் படிக்கறேன், கேட்டுக்குங்க. 'ஸ்ரீமுஷ்ணம் பிர்காவைச் சேர்ந்த கொளஞ்சியப்பனாகிய நான் சமூகத்துக்குப் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். என் தமையனார் சபாபதி சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். காட்டுப்பன்றிகளைச் சுட்டு எங்கள் சுற்றுவட்டாரத்துப் பயிரைக் காத்தவர் என்று பேரெடுத்தவர். அவர் கையாண்ட இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அவருடைய விதவை ரத்தினம்மாள் தன் பேரில் லைசென்ஸ் பெற்றிருக்கிறார். மேற்படியாருக்கு ஆயுதப் பழக்கம் கிடையாது. புருஷனிடம் அடியும் உதையும் பட்டே காலம் தள்ளியவர் என்பது ஊரறிந்தது. ஆதலால் சித்தம் நிலையில்லாதவர். வராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் பூமியில் ஒரு விதவை பன்றியைச் சுடுவது ஊருக்கு ஆகாது. மேலும், கடலூர் துப்பாக்கி ரிப்பேர்க்காரர் காசிம் என்பவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் தகப்பனார் காலத்துத் துப்பாக்கியின் கட்டையை இரண்டேகால் அங்குலம் அறுத்து, வேறு எவரும் எடுத்துச் சுட முடியாதபடி பாழாக்கிவிட்டார். ஆகவே லைசென்சை ரத்து செய்து துப்பாக்கியை என் வசம் ஒப்படைக்க வேண்டியது.' கேட்டீங்களா?

— கேட்டேன் சார். கைக்குள்ள போட்டுக்கிட்டுன்னா எழுதியிருக்காரு?

— எழுதியிருக்காரு.

— அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன் சார், என்னக் கைக்குள்ள போடறதுக்கு என் வீட்டுக்காரி ஜொஹரா பீவி இருவத்தஞ்சு வருசமா மொயற்சி பண்றா. அவளுக்கே இன்னும் ஆவல.

— விஷயத்துக்கு வாங்க. கொளஞ்சியப்பன வெளியில பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன். இந்தம்மா இங்கயே உக்காந்திருக்கட்டும், அவுங்க மொற அப்பறம். இவுங்க மொதமொத உங்க கடைக்கு எப்ப வந்தாங்க?

— போன வருசம் பொரட்டாசியில சார். வீட்டுக்காரரு மவுத்தாயி பத்து நாள்கூட ஆவல. லைசென்ஸ்காரரு செத்துட்டா துப்பாக்கிய போலீஸ் டேஷன்லயோ, என்ன மாதிரி லைசென்ஸ் கடையிலயோ ஒப்படைச்சிடணும், அதான சட்டம். இந்தக் கொளஞ்சியப்பன், செத்தவருக்குத் தம்பி, இவுங்களுக்குக் கொழுந்தன், துப்பாக்கி நம்ம வீட்டுலயே இருக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கறேன்னு சொன்னாராம். இவுங்க வாயத் தொறக்காம டேஷனுக்குப் போயிருக்காங்க. கடலூர்ல கொண்டுபோயி வைக்கறேன்னு ஒரு லெட்டர் எழுதி வாங்கியிருக்காங்க. குழல வேற, கட்டய வேற கழட்டி, கோரப்பாயில சுருட்டி, பஸ் ஏறிட்டாங்க. சிதம்பரத்துல பஸ் மாறறப்ப கண்டக்டரு, பாயிக்குள்ள என்னம்மான்னு கேட்டிருக்கான். துப்பாக்கின்னு சொல்லியிருக்காங்க. அவன் சிரிச்சிட்டு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தானாம்.

— நீங்க வாங்கி வச்சுக்கிட்டீங்க.

— ரசீது போட்டு வாங்கி வச்சேன். ரத்தினம்மாள் பேருலதான் ரசீது. அடுத்த வாரமே கொழுந்தனாரு வந்தாரு. வெள்ள வேட்டி, சட்டப் பையில ரெண்டு பேனா. ஆம்பள இருக்கற குடும்பத்துல பொம்பள பேருக்கு ரசீது போடறது நல்லா இல்ல பாய், மாத்தி எழுதுங்கன்னு ரொம்ப தன்மையாத்தான் பேசினாரு. ஒப்படைச்சவுங்க வந்தாத்தான் குடுப்பேன்னு சொன்னேன். பாக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.

— அப்பறம்?

— அப்பறம் பதினோரு மாசம் சார். இந்தம்மா லைசென்சுக்கு எழுதிப் போட்டுட்டு, மாசம் ஒருதரம் கலெக்டர் ஆபீசுக்கு வந்துட்டுப் போவாங்க. இந்தப் பேப்பர் இல்ல, அந்தக் கையெழுத்து இல்ல, ஆம்பளத் தொண இருக்கா, படிப்பு என்னா, இப்படி அலைய வச்சாங்க. திரும்பிப் போறப்ப என் கடையில நின்னு, எடுங்க பாய், தொடச்சிட்டுப் போறேன்னு சொல்வாங்க. வேற ஒரு பேச்சு கெடையாது. எண்ணெத் துணியால தொடச்சு, குழல் ரெண்டையும் வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்துட்டு, மடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க.

— வெளிச்சத்துல குழலப் பாக்கறதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

— அது... பாத்திருப்பாங்க சார். வீட்டுக்காரரு பாக்கறதப் பாத்திருப்பாங்க.

— சரி, மேல சொல்லுங்க.

— இந்த ஆவணியில லைசென்ஸ் வந்துச்சு. பேப்பர என் மேச மேல வச்சாங்க. தோள்ல வைக்கற கட்டைய அறுத்துக் குடுங்க பாய், எனக்கு நீளமா இருக்குது, முனையில ரப்பர் வச்சுக் குடுங்கன்னாங்க. நான் ஒடனே ஒத்துக்கல சார், அத மட்டும் நீங்க எழுதிக்கணும். இது சீமையில செஞ்ச துப்பாக்கி, கட்ட வால்நட் மரம், நாப்பது வருசம் எண்ணெ குடிச்சு ஊறின மரம், அறுத்துட்டா ஒட்ட முடியாது. இத இப்படியே வித்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கிக்குங்க, இது எந்த ஆம்பள எடுத்தாலும் பொருந்தற அளவு, அறுத்துட்டா ஒருத்தருக்கும் ஆவாதுன்னு எடுத்துச் சொன்னேன். அதுக்கு ஒரு வார்த்த சொன்னாங்க சார். 'எல்லாருக்கும் ஆவறது எனக்கு வேணாம் பாய், எனக்கு ஆவணும்'னாங்க. ரம்பத்த எடுத்து வச்சேன்.

— அறுத்துட்டீங்க.

— அளவு எடுத்துட்டுத்தான் அறுத்தேன். துப்பாக்கிக்கு அளவுன்னா, முழங்கை மடிப்புலேர்ந்து வெரல் விசையில படற எடம் வரைக்கும். நான் பொம்பளைங்களுக்கு அளவு எடுத்ததில்ல. உள்ள குரல் குடுத்தேன், ஜொஹரா வந்து டேப்பப் புடிச்சா. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னு, அவ சொன்னத எழுதிக்கிட்டேன். ஒண்ணேகால் அங்குலம் கொறையணும். ரப்பர் ஒரு அங்குலம் கனம். அப்ப மரத்துல ரெண்டேகால் போவணும். அதான் சார் கணக்கு. மனுவுல பாழாக்கினதா எழுதியிருக்காரே, ஒரு நூல்கூட வீணா அறுக்கல.

— ரப்பர் எதுக்கு?

— ஒதைக்கும் சார். வெடிச்சா கட்ட பின்னால ஒதைக்கும். முனையில இருந்தது இரும்புத் தகடு. அது தோள்ல வந்து முட்டினா எலும்புல சுத்தியால தட்டின மாதிரி இருக்கும். ரப்பர் இருந்தா அந்த ஒதைய வாங்கிக்கும்.

— அது சரி. சுட்டே பழக்கமில்லாத பொம்பளைக்கு ஒதைக்கும்னு எப்படித் தெரிஞ்சுது? உங்ககிட்ட வந்ததும் ரப்பர் வைங்கன்னு கேட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?

— ஒதைக்காத துப்பாக்கி ஒலகத்துல ஏது சார்?

— எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணும் தெரியாது பாய். பொய் சொல்ற ஆளுங்களப் பத்தி கொஞ்சம் தெரியும். மேல சொல்லுங்க.

— ரப்பருக்குத்தான் ரொம்ப அலைஞ்சேன். இப்ப சீமை சாமான் ஒண்ணும் வர்றதில்ல. மொதல்ல ஹவாய் செருப்பு அடிய வெட்டி வச்சேன். பஞ்சு மாதிரி அமுங்கிச்சு, அமுங்கின பிறகு மரம் வந்து முட்டிச்சு. லாரி டயர் வச்சுப் பாத்தேன், அதுக்கு அந்த இரும்பே தேவல. அப்பறம் மேல்பட்டாம்பாக்கத்துல என் மச்சான் அப்துல் ஹக், பினாங்குலேர்ந்து லீவுல வந்தவரு, மெசினுக்கு அடியில வைக்கற செவப்பு ரப்பர் ஒரு துண்டு வச்சிருந்தாரு. கெஞ்சி வாங்கினேன். அமுக்கினா அமுங்கும், விட்டா மெதுவா எழும்பும். அதான் சரியான ரப்பர்.

அறுக்கறதுக்கு முன்னாடி கட்டையில துணிப்பட்ட சுத்தினேன், சிலும்பு எகிறாம இருக்க. சன்னப்பல் ரம்பம். நேரா அறுக்கல, கீழ்முனை கொஞ்சம் உள்வாங்கற மாதிரி சாய்ச்சு அறுத்தேன். பொம்பளைங்களுக்கு நேரா அறுத்தா கீழ்முனை நெஞ்சுல குத்தும். பழைய திருகாணி ஓட்டைய மரக்குச்சி வச்சு வஜ்ஜிரப் பச போட்டு அடைச்சேன். புதுசா ரெண்டு ஓட்ட போட்டு ரப்பர முடுக்கி, தண்ணி தொட்டுத் தொட்டு அரத்தால ராவினேன். வெரல வச்சுத் தடவிப் பாருங்க சார், மரம் எங்க முடியுது, ரப்பர் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. நாலு நாள் ஆச்சு. அந்தம்மா நாலு நாளும் வந்து எதிர்ல முக்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. அறுத்த துண்டு கீழ விழுந்துச்சு. அவுங்க அதக் குனிஞ்சு எடுக்கக்கூட இல்ல.

— நல்ல வேல. தடவிப் பாத்துட்டேன். இப்ப வேற ஒண்ணு கேக்கறேன். முனையத்தான் அறுக்கச் சொன்னாங்க. இங்க நடுவுல, கன்னம் படற எடத்துல, எதுக்கு சொரண்டியிருக்கீங்க? சுத்திலும் மரம் கருப்பா இருக்குது, இங்க மட்டும் புதுசா வெளுத்திருக்கு.

— அது எண்ணெப் பிசுக்கு சார்.

— ஒரு பக்கம் மட்டுமா?

— மரம்னா அப்படித்தான் சார். ஒரு பக்கம் ஜாஸ்தி குடிக்கும்.

— உங்களுக்குப் பொய் வரல, பாய். வெரலப் பாருங்க, சட்டப் பித்தான நாலு தடவ திருகிட்டீங்க.

— நான் சொன்னதத் தவிர வேற ஒண்ணும் இல்ல சார்.

— சரி, விடுங்க. ரத்தினம்மாள், உங்ககிட்ட பேசறேன். கொளஞ்சியப்பன் என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்காரு. துப்பாக்கிய அவருக்கு மாத்திக் குடுத்தா, உங்க கொல்லையிலயும் பன்னி எறங்காம அவரே பாத்துக்கறாராம். உங்களுக்கும் கஷ்டம் இல்ல, எனக்கும் ஃபைல் முடிஞ்சுது. அறுத்த கட்டைக்குப் பதிலா வேற கட்ட மாட்டிக்குவாரு. என்ன சொல்றீங்க?

— நடக்காது ஐயா.

— யோசிச்சு சொல்லுங்க.

— யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. என் மல்லாட்டையில, அந்தக் கடலக் கொல்லையில, எறங்கற பன்னிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.

— அப்ப நான் என்னம்மா எழுதறது? மனுவுல பழக்கமில்லன்னு இருக்கு. பழக்கம் இருக்குன்னு காட்ட ஒரு சாட்சி இல்ல. பாய் நல்லவருதான், ஆனா அவரு பேச்ச வச்சு நான் கலெக்டருக்கு எழுத முடியாது. பன்னி சுடத் தெரியாத ஆள்கிட்ட துப்பாக்கி எதுக்குன்னு கேப்பாரு.

— பாய், அத ஏன் சொரண்டுனீங்கன்னு சொல்லிடுங்க.

— எம்மா, வேணாம்.

— நீங்க எனக்காக மறைச்சீங்க. புண்ணியமாப் போவும். இனிமே மறைக்க வேணாம்.

— எம்மா, அவரு கையில பேனா இருக்குது. எழுதறாரும்மா.

— எழுதட்டும். ஐயா, அது மஞ்சா. என் கன்னத்து மஞ்சா. கட்டையில அழுந்தி அழுந்தி ஊறிப்போனது.

— ரத்தினம்மாள், ஒரு நிமிஷம். நான் பேனாவக் கீழ வச்சிட்டேன் பாருங்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன். வீட்டுக்காரரு போனப்பறம் நீங்க மஞ்சா பூசல. அப்ப கட்டையில மஞ்சா இருந்துச்சுன்னா, அவரு இருக்கறப்பவே சுட்டீங்கன்னு ஆவுது. லைசென்ஸ் இல்லாம. அது குத்தம். தெரியுமா?

— தெரியும். பதினோரு வருசம் பண்ண குத்தம்.

— பதினோரு வருசமா?

— அம்பத்திநாலுலேர்ந்து ஐயா. ஊருல சொல்றாங்களே, சபாபதி சுட்ட பன்னி, சபாபதி சுட்ட பன்னின்னு. அம்பத்திநாலுக்கு அப்பறம் அவரு ஒரு பன்னியும் சுடல. சுட்டது பூரா நான்.

— அவரு என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?

— பக்கத்துல நின்னாரு. தோட்டா எடுத்துக் குடுத்தாரு. வேற என்ன பண்ணுவாரு, அவருக்கு வலது தோள் பக்கம் காறையெலும்பு ஒடஞ்சு, நாட்டு வைத்தியரு கட்டி, கோணலாக் கூடிக்கிச்சு. பாக்கறவுங்களுக்குத் தெரியாது. கொடம் தூக்குவாரு, ஏரு புடிப்பாரு. துப்பாக்கி ஒதைய மட்டும் அந்த எலும்பு தாங்கல. கட்டு அவுத்து மூணு மாசம் கழிச்சு, விடியக்காலம், கொல்லையில பன்னி பூந்துச்சு. நானும் அவரோட போனேன். அவரு சுட்டாரு. அப்படியே மல்லாட்ட செடி மேல விழுந்துட்டாரு. கத்தல. வாயில துண்ட வச்சுக் கடிச்சுக்கிட்டாரு. பன்னிங்க ஓடக்கூட இல்ல ஐயா, நின்னு தின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. அவரு கையிலேர்ந்து புடுங்கி, அவரு எப்படி வைப்பாரோ அப்படியே வச்சு, இன்னொரு குழல வெடிச்சேன். நானும் விழுந்தேன். பன்னியும் விழுந்துச்சு.

— அவரு என்ன சொன்னாரு?

— மொதல்ல பன்னிய இழுத்துக்கிட்டு ஊருக்குள்ள போனாரு. மால போட்டாங்க. வீட்டுக்கு வந்து அந்த மாலையக் கழட்டி மாட்டுக் கொம்புல மாட்டிட்டாரு. அவரால அதப் போட்டுக்கிட்டு உக்கார முடியல. அப்பறம் சாயந்தரம் சொன்னாரு. 'வெடிச் சத்தம் கேக்கற வரைக்கும் நம்ம வரப்ப எவனும் மிதிக்க மாட்டான், ரத்தினம். சத்தம் என்னுதுன்னே இருக்கட்டும்'னாரு. சரின்னேன்.

— அப்ப இந்த அடி, ஒதன்னு மனுவுல இருக்கறது...

— கட்ட எனக்கு நீளம் ஐயா. தோள்குழியில உக்காராது, மேல்கையிலதான் உக்காரும். ஒருதரம் சுட்டா பத்து நாளைக்குக் கன்னிப்போயி இருக்கும், கத்திரிக்கா நெறத்துல. கொளத்துல குளிக்கறப்ப பொம்பளைங்க பாப்பாங்க. பாவி மனுசன், பொண்டாட்டியப் போட்டு இப்படி அடிக்கறானேன்னு பேசுவாங்க. ஊரு பூரா பரவிடுச்சு. கீரப்பாளையத்துலேர்ந்து என் அண்ணன் சாமிக்கண்ணு வந்துட்டாரு. நடு வீதியில என் வீட்டுக்காரரு சட்டையப் புடிச்சு, ஏன்டா அடிச்சேன்னு கேட்டாரு. நான் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு எங்க அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு, 'அடிச்சுட்டேன் மச்சான். இனிமே அடிக்கல'ன்னாரு. என் மேல ஒருநாள் கை ஓங்காத மனுசன் ஐயா.

— பாய், உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

— முழுசாத் தெரியாது சார். ஜொஹரா அளவு எடுத்தன்னிக்கு மேல்கையப் பாத்துட்டா. உள்ள வந்து, அது மனுசன் அடிச்ச தழும்பு இல்ல, தோலு காச்சுப் போயிருக்குன்னு சொன்னா. அப்பறம் பழைய எண்ணெய எடுக்கறப்ப மஞ்சா வந்துச்சு. முப்பது வருசமா கட்ட பாக்கறேன். பீடி நாத்தம் அடிக்கற கட்ட பாத்திருக்கேன், மூக்குப்பொடி ஏறின கட்ட பாத்திருக்கேன். மஞ்சா ஏறின கட்டைய அன்னிக்குத்தான் பாத்தேன். புருசன் இல்லாதவுங்க, லைசென்ஸ் நேத்து வந்தவுங்க. யாராச்சும் பாத்தா வம்புன்னு நான்தான் கேக்காம சொரண்டிட்டேன். மன்னிச்சுக்கம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.

— சீமை ரப்பர் கெடைச்ச காலத்துலயே ஒண்ணு வாங்கி வச்சிருக்கலாமே அம்மா? எதுக்குப் பதினோரு வருசம் வலியத் தாங்கிக்கிட்டு?

— அவரு வேணாம்னுட்டாரு. ரப்பர் வச்சா, சபாபதிக்கு என்ன தோளு வலிக்குதான்னு ஊரு கேக்கும்னாரு. கட்டைய அறுத்தா அவரு தோளுக்குப் பொருந்தாது, அதயும் கேப்பாங்க. அதனால அவரு அளவுலயே சுட்டேன், அவரு பேருலயே சுட்டேன். அவரு இருக்கற வரைக்கும் அது நியாயம். இப்ப அவரு இல்ல. லைசென்ஸ் என் பேருல இருக்குது. இனிமே என் அளவு.

— பெருமாளுக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கே?

— பதினோரு வருசம் பெருமாளுக்குத் தெரியாமயா சுட்டேன்? சனிக்கெழம தவறாம சந்நிதியில போயி நின்னுருக்கேன், கை கன்னிப் போயி இருக்கறப்பகூட. அவரு ஒண்ணும் என்னத் தொரத்தல. ஆம்பள சுட்டா பயிரக் காத்தவரு, மால. நான் சுட்டா மட்டும் சாமிக்கு ஆவாதா? எந்தப் பெருமாள் சொன்னாருன்னு அந்த மனு எழுதினவரக் கேளுங்க.

— கடலோரத்துக் கிள்ளைக்கு அந்தப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வர்றப்ப எங்க பள்ளிவாசல் ஆளுங்களும் போயி மரியாத பண்றதுதான் சார். அவரு அப்படியெல்லாம் பாக்கறவரு இல்ல.

— பாய், நீங்க சும்மா இருங்க. குழல் ரெண்டும் காலிதான?

— காலி சார். மடிச்சுக் காமிக்கறேன், பாத்துக்குங்க.

— அம்மா, எடுங்க. எனக்குக் கண்ணால பாக்கணும். சன்னலுக்கு வெளியில அந்தத் தென்ன மட்ட நுனியில ஒரு காக்கா இருக்குது, தெரியுதா?

— தெரியுது. அது இப்ப கெளம்பப் போவுது.

— எப்படித் தெரியும்?

— கழுத்த உள்ள இழுத்துக்குது பாருங்க. இதோ கெளம்பிடுச்சு. இதோ, இங்க வெடிச்சிருப்பேன்.

— போதும், போதும். எறக்குங்க. நான் கண்ணத் திருப்பறதுக்குள்ள குழல் அதுகூடவே போயிடுச்சு. பாய், ரப்பர் சரியா உக்காந்திருக்கா?

— தோள்குழியில பொதஞ்சுது சார். என் வாழ்நாள்ல இவ்வளவு பாந்தமா ஒண்ணு உக்காந்ததில்ல.

— சரி. எழுதறேன், ரெண்டு பேரும் கேளுங்க. 'மனுதாரர் குறிப்பிடுவதுபோல் லைசென்ஸ்தாரருக்கு ஆயுதப் பழக்கம் இல்லை என்பது நேர்விசாரணையில் மெய்ப்படவில்லை. துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கச் செய்து நேரில் கண்டேன். கட்டையைத் தம் உடலளவுக்குத் திருத்திக்கொண்டதும் ரப்பர் பொருத்திக்கொண்டதும் லைசென்ஸ்தாரரின் உரிமைக்கு உட்பட்டவை. சித்தம் தெளிவாகவே உள்ளது. லைசென்ஸ் தொடரலாமெனப் பரிந்துரைக்கிறேன்.' அவ்வளவுதான்.

— பதினோரு வருசத்த எழுதலியே ஐயா?

— எழுதல.

— எழுதுங்க. அத்தன பன்னியும் நான் சுட்டதுன்னு எழுத்துல ஒரு எடத்துலயாவது இருக்கட்டும். ஊருல இன்னும் அவரு பேரத்தான் சொல்றாங்க.

— எழுதினா இந்த லைசென்ஸ் போயிடும்மா. கேசு வரும். பாயையும் இழுத்து விடும், சொரண்டினாருன்னு. உங்க மல்லாட்டைய நாளைக்கு யாரு பாத்துப்பாங்க?

— எம்மா, சார் சொல்றதக் கேளும்மா. விட்டுடு.

— சரி. பயிருக்காக விட்டுக் குடுக்கறேன். பாய்க்காகவும்.

— நல்லது. பாய், நீங்க துப்பாக்கியப் பாயில சுருட்டுங்க. இப்ப வேல முடிஞ்சுது, இது ரிகார்டுக்கு இல்ல, சும்மா கேக்கறேன். உங்க வீட்டுக்காரரு காறையெலும்பு எப்படிம்மா ஒடஞ்சுது? வண்டியிலேர்ந்து விழுந்தாரா?

— அவரு சாவற வரைக்கும் அதச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட கையடிச்சு வாங்கிக்கிட்டாரு. கூடப் பொறந்த பொறப்பு ஜெயிலுக்குப் போவக் கூடாதுன்னாரு. பேனாவ மூடாதீங்க ஐயா. அது விட்டுக் குடுத்தேன், இத விட மாட்டேன். அவரு விழல. குனிஞ்சு மடைய அடைச்சுக்கிட்டு இருந்தவர, வரப்புத் தகராறுல பின்னாலேர்ந்து வந்து மம்பட்டிக் காம்பால அடிச்சாங்க. அடிச்சவரு உங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு. பேரத் தேட வேணாம், மனுவுல கீழ கையெழுத்து இருக்குது பாருங்க, அதையே பாத்து எழுதிக்குங்க.